வாசலில் நிறுத்தப்பட்ட வரலாறு: நிஜாமுத்தீன் அவுலியா அடக்கத்தலமும் பெண்களின் நுழைவுரிமையும்

முன்னுரை

சூஃபியம் குறித்து எழுதப்பெறும் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு தவறாது இடம்பெறுகின்றது. தர்காக்கள் சாதி, சமய, பால் வேறுபாடு கடந்து அனைவரையும் ஏற்கும் இடங்கள் என்பதே அவ்வாய்பாடு. சாதியும் சமயமும் குறித்த அளவில் இக்கூற்றில் பெருமளவு உண்மை உண்டு. மூன்றாவதாக நிற்கும் ‘பால்’ என்னும் சொல்லோ, சான்று எதுவுமின்றி, அடுக்கின் ஓசை நிறைவு கருதிச் சேர்க்கப்பட்டதாகவே தோன்றுகின்றது. தில்லியிலுள்ள ஷைகு நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்காவுக்குச் சென்று, கண் திறந்து நோக்கி மீண்டவர் எவரும் அச்சொல்லை எளிதில் எழுதிவிட இயலாது. ஷைகின் கல்லறை அமைந்துள்ள உள்ளறைக்குள் ஆடவர் செல்லலாம், எச்சமயத்தவராயினும் செல்லலாம். பெண்கள் செல்லுதல் ஆகாது. அவர்கள் சுற்றுத் தாழ்வாரத்தில் அமர்ந்து, பளிங்குப் பலகணியின் துளைகள் வழியே கல்லறையை நோக்கி, அப்பலகணியில் நூல் கட்டி வேண்டுதல் செய்து திரும்புகின்றனர்.

தர்கா தரப்பினர் இதனைத் தொன்றுதொட்டு வரும் மரபு என்கின்றனர். ஆய்வாளர் பலர் இதனைக் காணாதார் போலக் கடந்து செல்கின்றனர். முன்னவர் கூற்று வரலாற்றுக்கு மாறானது. பின்னவர் மௌனம் ஆய்வு நெறிக்கு மாறானது. இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடக்கத்தலத்தின் கட்டுமான வரலாறு

பதாயூனில் பிறந்து, அஜோதனில் வாழ்ந்த பாபா ஃபரீதின் சீடராகி, அக்காலத் தில்லியை அடுத்திருந்த கியாஸ்பூரில் தம் கான்காவை அமைத்துக்கொண்டவர் நிஜாமுத்தீன். அரசவையை நாடாமை சிஷ்தி நெறியினரின் தலையாய ஒழுக்கங்களுள் ஒன்று. அவர் காலத்தில் தில்லி அரியணையில் சுல்தான்கள் பலர் அமர்ந்து மறைந்தனர். அரசவை அவரை நாடியதேயன்றி, அவர் அரசவையை நாடியதில்லை. அவர்தம் கான்காவின் அடுக்களை, வந்தவர் யாவர்க்கும் உணவளித்தது. 1325ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அதே ஆண்டில் மறைந்த அவர்தம் அன்புச் சீடரும் கவிஞருமான அமீர் குஸ்ரோவும் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஷைகின் கல்லறைமீது முதன்முதலாக மாடம் எழுப்பியவர் முகம்மது பின் துக்ளக். அடுத்து ஆட்சிக்கு வந்த ஃபிரோஸ் ஷா துக்ளக் (1351-1388) அதனைச் செப்பனிட்டுச் சந்தன மரக் கதவுகளை அமைத்தார். இன்று காணப்படும் கட்டடத்தின் அடிப்படை அமைப்பு 1562-63இல், அக்பர் காலத்தில், ஃபரீதூன் கான் என்னும் பிரபுவால் எழுப்பப்பட்டது. கல்லறைக்கு மேலுள்ள முத்துச்சிப்பி பதித்த மர விதானம் ஜஹாங்கீர் காலத்தது. சுற்றியுள்ள தாழ்வாரம் 1652-53இல், ஷாஜஹான் காலத்தில், கலீலுல்லா கானால் அமைக்கப்பட்டது.

இச்செய்திகளை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. தொன்மை என்று சுட்டப்படும் இவ்வடக்கத்தலம் ஒரே காலத்தில் தோன்றியதன்று. ஒவ்வொரு தலைமுறையும் இதனைத் தன் விருப்பத்திற்கேற்பத் திருத்தியும் பெருக்கியும் வந்துள்ளது. கதவு மாறியது, மாடம் மாறியது, தாழ்வாரம் ஷைகின் மறைவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில் வந்தது. இன்று பெண்கள் எந்தத் தாழ்வாரத்தில் நிறுத்தப்படுகின்றனரோ அந்தத் தாழ்வாரமே 17ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். கல்லும் மரமும் மாறுவதற்கு இசைந்த ஓரிடத்தில், பெண்களுக்கான தடை மட்டும் மாறாத தொல்மரபு என்று கூறப்படுமாயின், அதற்குரிய சான்றினைக் காட்டும் கடமை அவ்வாறு கூறுவோரைச் சார்ந்தது.

ஃபிரோஸ் ஷாவின் ஆணை தரும் சான்று

தடைக்குச் சான்று தேடுவோர் காட்டக்கூடிய மிகப் பழைய ஆவணம் ஒன்றுண்டு. ஃபிரோஸ் ஷா துக்ளக் தம் ஆட்சிச் செயல்களைத் தாமே தொகுத்துரைத்த ‘ஃபுதூஹாத்-இ-ஃபிரோஸ்ஷாஹி’ என்னும் பாரசீகச் சிறுநூலே அது. புனித நாள்களில் பெண்கள் பல்லக்கிலும் வண்டியிலும் குதிரைமீதும் கூட்டங்கூட்டமாக நகருக்கு வெளியேயுள்ள கல்லறைகளுக்குச் செல்வதைத் தாம் தடை செய்ததாக அவர் அதில் பதிவு செய்கின்றார். சமயச் சட்டத்திற்கு மாறானது என்பதும், தீய ஒழுக்கத்தார் அக்கூட்டங்களில் புகுந்து தொல்லை விளைவித்தனர் என்பதும் அவர் கூறும் காரணங்கள். நிஜாமுத்தீனின் அடக்கத்தலத்தைச் செப்பனிட்ட செய்தியும் அதே நூலில்தான் இடம்பெற்றுள்ளது. சந்தனக் கதவு அமைத்த சுல்தானும் பெண்கள் கல்லறைக்குச் செல்வதைத் தடுத்த சுல்தானும் ஒருவரே.

இவ்வாவணத்தை நுணுகி நோக்கின் மூன்று உண்மைகள் புலப்படும்.

முதலாவது, நடவாத ஒன்றைத் தடை செய்யும் ஆணையை எந்த அரசனும் பிறப்பிப்பதில்லை. ஷைகு மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள், தில்லிப் பெண்கள் கல்லறைகளுக்குப் பெருந்திரளாகச் சென்றுகொண்டிருந்தனர் என்பதற்கு அவ்வாணையே உறுதியான சான்று. மரபு என்று ஒன்று இருந்திருப்பின், பெண்கள் சென்றதே அம்மரபு, தடையே புதுவரவு.

இரண்டாவது, தடை பிறந்த இடம் அரண்மனை. கான்காவிலிருந்து வந்த அறிவுரையாக அஃது அமையவில்லை. தண்டனை அச்சத்தோடு கூடிய அரசாணையாகவே அமைந்தது. அரசவை வாயிலை மிதியாது வாழ்ந்த ஒரு துறவியின் பெயரால் ஒரு சுல்தானின் ஆணையைக் காத்து நிற்பது, அத்துறவியின் நெறியையே தலைகீழாக்குவதாகும்.

மூன்றாவது, அவ்வாணை பெண்கள் கல்லறைகளுக்குச் செல்வதையே முற்றாக விலக்கியது. முற்றம் வரை வரலாம், உள்ளறைக்குள் வருதல் ஆகாது என்னும் பாகுபாடு அதில் இல்லை. இன்று தர்காவின் முற்றத்தில் பெண்கள் அமர்கின்றனர். தாழ்வாரத்தைச் சுற்றி வருகின்றனர். வியாழன் மாலைகளில் கவ்வாலி கேட்கின்றனர். ஆகவே சுல்தானின் ஆணையைத் தர்கா எப்போதோ கைவிட்டுவிட்டது. எஞ்சி நிற்கும் அந்த ஒரு நிலைப்படிக் கோடு ஷைகு வரைந்ததுமன்று, சுல்தான் வரைந்ததுமன்று. அதனை வரைந்தவர்கள் பிற்காலத்தார். பிற்காலத்தார் வரைந்ததைப் பிற்காலத்தார் அழிக்கவும் கூடும்.

ஷைகின் வாழ்வில் பெண்கள்

தடையை ஆதரிப்போர் ஷைகின் பெயரைச் சொல்கின்றனர். ஷைகின் வாழ்வைச் சொல்வதில்லை. நிஜாமுத்தீன் இளமையிலேயே தந்தையை இழந்தவர். அவரை வளர்த்தவர் தாய் பீபி ஜுலைகா. வீட்டில் உணவில்லாத நாள்களில், இன்று நாம் இறைவனின் விருந்தினர் என்று மகனுக்குக் கூறி வறுமையையே ஆன்மிகப் பாடமாக மாற்றியவர் அத்தாய் என்று சிஷ்தி மரபு நினைவுகூர்கின்றது. புதிய பிறை காணும் தோறும் மகன் தாயின் காலடியில் தலை வைத்து வணங்குவது வழக்கம். தில்லியின் தென்பகுதியில், அத்சினியில், அவ்வம்மையாரின் அடக்கத்தலம் இன்றும் வழிபடப்படுகின்றது. நிஜாமுத்தீனின் முதல் ஆன்மிக ஆசான் ஒரு பெண் எனல் மிகையன்று.

அடுத்து எண்ணத்தக்கவர் பீபி ஃபாத்திமா சாம். தில்லியில் வாழ்ந்த இப்பெண் துறவியைப் பாபா ஃபரீத் தம் உடன்பிறப்பாகவே மதித்தார். இளைஞராயிருந்த நிஜாமுத்தீன் அவரை முதுமையில் கண்டு போற்றியவர். அவர் மறைந்த பின் அவர் கல்லறைக்குச் சென்று தியானத்தில் அமர்ந்ததாகவும் மரபுச் செய்திகள் உள்ளன. காட்டினின்று அரிமா வெளிப்படும்போது அது ஆணா பெண்ணா என்று எவரும் ஆராய்வதில்லை என்னும் பொருள்பட ஷைகு கூறிய உவமை, பெண் இறைநேசர் பற்றிய பேச்சிலேயே எழுந்தது. இவ்வுரையாடல்களைத் தொகுத்தவர் அவர் சீடர் அமீர் ஹஸன் சிஜ்ஸி. 1308 முதல் 1322 வரை நிகழ்ந்த 188 அமர்வுகளின் பதிவாகிய ‘ஃபவாயிதுல் ஃபுஆத்’ என்னும் அந்நூல், இந்தியச் சூஃபி இலக்கியத்தில் உரையாடற் பதிவு என்னும் வகைக்கே முன்மாதிரி. ஷைகின் கருத்தை அறிய விழைவோர்க்கு அதனினும் நெருங்கிய சான்று பிறிதில்லை.

ஆண் துறவியின் கல்லறையைப் பெண் நெருங்குதல் தகாது என்பது தடையாளர் வாதம். பெண் துறவியின் கல்லறையை ஷைகே நெருங்கி அமர்ந்தார் என்று அம்மரபே உரைக்கும்போது, அவ்வாதம் ஷைகின் வாசலிலேயே வீழ்ந்துவிடுகின்றது. கல்லறைக்குள் துயில்பவரைப் பொறுத்தவரை ஆண், பெண் என்னும் வேறுபாடு அற்றுவிடும் என்பது சூஃபியரின் அடிப்படைக் கொள்கை. அது மெய்யெனில் வாசலிலும் மெய்யாதல் வேண்டும்.

சிஷ்தி மரபு முழுவதும் பெண்களுக்குச் சமநிலை வழங்கியது என்று கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. பெண்ணுக்குக் கலீஃபாப் பட்டம் அளிக்க இடமிருந்திருப்பின் தம் மகள் பீபி ஷரீஃபாவுக்கு அதனை அளித்திருப்பேன் என்று பாபா ஃபரீத் கூறியதாக ஒரு செய்தி உண்டு. தகுதியை ஒப்புக்கொண்ட நாவே தடையையும் ஒப்புக்கொண்டது. இம்முரண்பாட்டை மறைத்து, சூஃபியம் பெண் விடுதலை இயக்கம் எனப் புகழ்ந்துரைப்பது நேர்மையாகாது. எனினும் ஃபரீதின் கூற்றில் ஒரு தயக்கம் இருக்கின்றது. ஒரு வருத்தம் இருக்கின்றது. இன்றைய தடையில் அவ்வருத்தமும் இல்லை.

சமயச் சட்டத்தின் பெயரால்

தடையாளரின் அடுத்த அரண் சமயச் சட்டம். பெண்கள் அடக்கத்தலம் செல்வதைக் கண்டிக்கும் நபிமொழிகள் சுட்டப்படுகின்றன. கல்லறைகளுக்குச் செல்வதை நபிகள் நாயகம் முதலில் விலக்கிப் பின்னர் அனுமதித்தார் என்னும் செய்தியும், ஆயிஷா நாயகியார் தம் உடன்பிறந்தாரின் கல்லறைக்குச் சென்ற செய்தியும் அந்நபிமொழித் தொகுப்புகளிலேயே உள்ளன. அனைத்தினும் மேலாக, நபிகள் நாயகம் அடக்கம் செய்யப்பட்டது ஆயிஷா நாயகியாரின் அறையில். ஒரு பெண்ணின் உறைவிடமே உலக முஸ்லிம்களின் தலைசிறந்த அடக்கத்தலமாயிற்று. சட்ட அறிஞர்கள் இப்பொருளில் தம்முள் வேறுபட்டனர் என்பதே வரலாறு. வேறுபாடுள்ள ஒரு பொருளில் ஒரு பக்கத்தை மட்டும் சட்டம் என்று அறிவிப்பது சட்டமாகாது, தேர்வாகும்.

மேலும், கடுமையான விளக்கத்தையே பின்பற்றுவது என்று துணிவோர் அதனை முழுமையாகப் பின்பற்றுதல் வேண்டும். அவ்விளக்கத்தின்படி கல்லறைமீது மாடம் கூடாது; விதானம் கூடாது; விளக்கேற்றுதல் கூடாது; இசை அறவே கூடாது. கியாஸுத்தீன் துக்ளக் காலத்தில் இசை கேட்டல் பற்றி உலமாக்கள் எழுப்பிய குற்றச்சாட்டுக்கு ஓர் அவையில் நேர்நின்று விடையிறுத்தவர் நிஜாமுத்தீன். அவர் அன்று கடுமையான விளக்கத்தை ஏற்றிருப்பின் இன்று அம்முற்றத்தில் கவ்வாலி ஒலித்திராது. மாடத்துக்கும் பாட்டுக்கும் மென்மையான விளக்கம், பெண்ணுக்கு மட்டும் கடுமையான விளக்கம் என்பது எந்தச் சட்டமரபிலும் அடங்காது.

தூய்மை என்னும் வாதமும் இத்தகையதே. நீராடித் தூய்மை பெறவேண்டிய நிலைகள் ஆடவர்க்கும் சமயச் சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளன. அந்நிலையில் உள்ளாரா இல்லையா என்று எந்த ஆடவரும் வாசலில் வினவப்படுவதில்லை. அவர்தம் மனச்சான்றுக்கு அது விடப்படுகின்றது. பெண்ணின் மனச்சான்று மட்டும் நம்பத்தகாதது எனக் கொள்ளப்படுகின்றது. ஒரு திங்களில் சில நாள்களுக்குரிய விலக்கைச் சிறுமி முதல் மூதாட்டி வரை, ஆண்டு முழுமைக்கும் உரிய விலக்காக விரிப்பதற்கு எந்த நூலிலும் இடமில்லை. உள்ளறை சிறியது, நெரிசல் மிகும் என்பதோ முறைப்படுத்தினால் தீரும் இடர்ப்பாடு. தனி நேரமும் தனி வரிசையும் அதற்குரிய தீர்வுகள். இடம் சிறியது என்பதற்காக ஒரு பாலாரை முற்றாக விலக்குவது தீர்வாகாது.

அஜ்மீரில் ஜஹானாரா

இத்தடை சிஷ்தி நெறிக்கு உயிர்நாடியானது எனில், அந்நெறியின் ஏனைய தலங்களிலும் அது நிலவுதல் வேண்டும். இந்தியச் சிஷ்தி நெறியின் முதல்வராகிய முயீனுத்தீன் சிஷ்தியின் அஜ்மீர் தர்காவில் பெண்கள் கல்லறை அறைக்குள் செல்கின்றனர். ஃபதேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்தியின் பளிங்கு அடக்கத்தலத்திலும் பெண்கள் உட்செல்கின்றனர். ஒரே நெறி, ஒரே குருமரபு. தில்லியில் மட்டும் வேறு விதி. வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் ஒன்று சமயத்தின் இன்றியமையாக் கூறு ஆகாது என்பது தெளிவு.

ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் இவ்விடத்து நினைக்கத்தக்கவர். முயீனுத்தீனின் வரலாற்றை ‘மூனிஸுல் அர்வாஹ்’ என்னும் பாரசீக நூலாக அவர் எழுதினார். 1643இல் அஜ்மீர் சென்ற அனுபவத்தையும் அவர் எழுதி வைத்துள்ளார். அடக்கத்தலத்தினுள் சென்று கல்லறையை வலம் வந்ததையும், தம் கையாலேயே நறுமணம் பூசியதையும், இமைகளால் அவ்விடத்துப் புழுதியைத் துடைத்ததையும் அவரே உரைக்கின்றார். பேரரசின் முதற்பெண்மணி என்னும் தகுதி அவருக்கு வழி திறந்திருக்கலாம் என்று சிலர் கூறுவர். அங்ஙனமாயின் தடைக்குரிய காரணம் பெண்மை என்பது பொய்யாகி, பெண்ணின் எளிமையே காரணம் என்றாகும். அது தடையாளருக்கு மேலும் இழிவையே தேடித்தரும்.

1681இல் மறைந்த ஜஹானாரா அடக்கம் செய்யப்பட்ட இடம் நிஜாமுத்தீன் தர்காவின் முற்றம். மேற்கூரையின்றி, பளிங்குத் தடுப்புகளுக்குள், பசும்புல் மூடக் கிடக்கின்றது அக்கல்லறை. சிஷ்தி நெறியின் வரலாற்றை எழுதிய பெண் ஷைகின் கதவுக்குச் சில அடிகள் அப்பால் மூன்று நூற்றாண்டுகளாகத் துயில்கின்றார். அவர் எழுதியதைப் படித்து வரும் பெண்ணுக்கு அக்கதவு திறப்பதில்லை.

பாட்டில் பெண், வாசலிலும் பெண்

இலக்கிய ஆய்வாளர் தனித்து நோக்க வேண்டிய முரண் ஒன்று இங்குள்ளது. அத்தர்காவின் முற்றத்தில் பாடப்படும் ஹிந்தவிப் பாடல்கள் பல, அமீர் குஸ்ரோவின் பெயரால் வழங்குவன. அவற்றுள் எவை அவர் இயற்றியவை, எவை வாய்மொழி மரபு அவர்மேல் ஏற்றியவை என்பது ஆய்வுக்குரியது. அவற்றின் குரல் பெண்ணின் குரல் என்பதில் மட்டும் ஐயமில்லை. ஷைகு மணமகன், பாடுவோர் மணமகள். சாயமிடச் சேலையைத் தருபவளும், தோழியிடம் தன் நிலை கூறுபவளும், பிறந்தகம் விட்டுப் பிரிபவளும் ஆகிய பெண்களாகத் தம்மைப் பாவித்து ஆடவர் பாடுகின்றனர். ஷைகின் மறைவு நாளையே திருமண நாள் என்னும் பொருளுடைய ‘உர்ஸ்’ என்னும் சொல்லால் குறிக்கின்றனர்.

வசந்த விழாவின் தோற்றக் கதையும் இதனையே கூறுகின்றது. உறவினர் மகனை இழந்து துயருற்றிருந்த ஷைகை மகிழ்விக்க, கடுகுப் பூக்களுடன் சென்ற பெண்களைப் போலக் குஸ்ரோ மஞ்சளாடை உடுத்திப் பாடி வந்தார் என்பது அக்கதை. அக்கோலத்தைக் கண்டு ஷைகு முறுவலித்தாராம். ஆண்டுதோறும் அந்நாளில் தர்கா மஞ்சள் நிறம் பூணுகின்றது. பெண்ணாகப் பாவித்து வந்த ஆணுக்கு ஷைகின் அண்மை கிட்டியது. பெண்ணாகவே பிறந்து வந்தவளுக்குப் பலகணித் துளை கிட்டுகின்றது.

நாயகன் - நாயகி பாவத்தில் தோய்ந்த தமிழ் இலக்கிய மாணவர்க்கு இது புதியதன்று. இறையை மனோன்மணி என்னும் பெண்ணாகக் கண்டு பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் தமிழ்த் துறைகள் பாடமாக வைத்துள்ளன. கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் ஆகிய சூஃபிப் பெண்பாற் புலவர்களைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. பாட்டுக்குள் பெண் பெறும் உயர்வைப் பக்கம் பக்கமாக விளக்கும் ஆய்வுலகம், அதே பெண் வாசலில் நிறுத்தப்படுவதை ஓர் அடிக்குறிப்பாகவேனும் சுட்டாமல் விடுவது எவ்வாறு பொருந்தும்? உருவகத்தில் பெண்ணை ஏற்பது எளிது. அவளுக்கு அங்கு உடலில்லை. அவள் இடம் கேட்பதில்லை.

நீதிமன்றம் கண்ட உண்மை

மும்பை ஹாஜி அலி தர்காவின் அண்மைய வரலாறு, ‘தொன்றுதொட்ட மரபு’ எத்துணை விரைவில் உருவாக்கப்படலாம் என்பதைக் காட்டும் தெளிவான எடுத்துக்காட்டு. 2011-2012 காலம்வரை அங்குப் பெண்கள் கல்லறை அருகே சென்றுவந்தனர். அதன்பின் நிர்வாகம் தடை விதித்தது. விதித்தபின் அது சமயக் கட்டாயம் என்று வாதிட்டது. அதனை எதிர்த்து வழக்காடியவர்கள் வெளியார் அல்லர்; பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் அமைப்பைச் சார்ந்த முஸ்லிம் பெண்கள். 26.08.2016 அன்று மும்பை உயர்நீதிமன்றம், அத்தடை அரசியலமைப்பின் 14, 15, 25ஆம் உறுப்புகளுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் முன் நிர்வாகம் பெண்களை அனுமதிக்க இசைந்தது. நவம்பரில் பெண்கள் உட்சென்றனர். அதனால் ஹாஜி அலியின் புகழ் குன்றவில்லை, வழிபாடு தடைப்படவுமில்லை.

2018 டிசம்பரில், நிஜாமுத்தீன் தர்காவில் பெண்கள் உட்செல்வதைத் தடுக்கும் அறிவிப்புப் பலகையைச் சுட்டிச் சட்டக்கல்வி மாணவியர் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினர். 28.09.2018 அன்று சபரிமலை வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களுக்கு ஊக்கமாயிற்று. 14.11.2019 அன்று அத்தீர்ப்பின் மறுஆய்வில், தர்கா, மசூதி ஆகியவற்றில் முஸ்லிம் பெண்களின் நுழைவு உள்ளிட்ட பொது வினாக்களைப் பேரமர்வுக்கு அனுப்ப உச்சநீதிமன்றம் முடிவு செய்தது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தர்காவின் தடையைச் சுட்டி ஒரு சமயத்தார் முழுமையையும் இழித்துரைக்கக் காத்திருப்போர் உளர். அவர்கள் மகாராட்டிரத்துச் சனி சிங்கணாப்பூரில் 2016 ஏப்ரல் வரை பெண்கள் கருவறை மேடைக்குச் செல்ல இயலாதிருந்ததையும், சபரிமலைத் தீர்ப்பை எதிர்த்து எழுந்த கூச்சலையும் மறந்துவிடுகின்றனர். வாசலில் பெண்ணை நிறுத்துவது எச்சமயத்துக்கும் தனியுரிமையன்று. அத்தகையோர்க்கு அஞ்சி இவ்வினாவை எழுப்பாதிருப்பதும் தவறே. வினா எழுப்பியவர்கள் அவ்வாசலை நேசிக்கும் பெண்கள். உள்ளே செல்ல விழைபவர்கள். இடிக்க விழைவோர் குரலும் நுழைய விழைவோர் குரலும் ஒன்றல்ல என்பதை ஆய்வாளர் பிரித்தறிதல் வேண்டும்.

நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை தர்கா காத்திருக்க வேண்டியதில்லை. காவலர் துணையுடன் திறக்கப்படும் கதவைவிட, உள்ளிருப்போர் தாமே திறக்கும் கதவு ஷைகின் நெறிக்கு நெருக்கமானது. அரசின் ஆணையை எதிர்பாராது வாழ்ந்தவரின் இல்லத்தில் அரசின் ஆணைக்காகக் காத்திருப்பது பொருந்தாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

1. நிஜாமுத்தீன் அடக்கத்தலத்தின் உள்ளறையில் பெண்களுக்குள்ள தடை, ஷைகின் சொல்லிலோ செயலிலோ வேரூன்றியதன்று. பெண் துறவியரிடத்து அவர் கொண்டிருந்த மதிப்பு அதற்கு நேர்மாறானது.

2. 14ஆம் நூற்றாண்டின் அரசாணை, தடையின் தொன்மையைக் காட்டிலும் பெண்கள் வருகையின் தொன்மையையே உறுதிப்படுத்துகின்றது.

3. அஜ்மீரிலும் சிக்ரியிலும் இல்லாத ஒரு விதி சிஷ்தி நெறியின் அடிப்படை விதியாதல் இயலாது.

4. சமயச் சட்டம், தூய்மை, நெரிசல் என முன்வைக்கப்படும் காரணங்கள் பெண்களுக்கு மட்டும் கடுமையாகப் பொருத்தப்படுவதால் தம் வலிமையை இழக்கின்றன.

5. தர்காக்கள் பால் வேறுபாடு கடந்தவை என்னும் வாய்பாட்டை ஆய்வாளர் கைவிடுதல் வேண்டும். ஒவ்வொரு தலத்திலும் பெண்கள் எதுவரை செல்கின்றனர், எப்போது முதல் தடுக்கப்படுகின்றனர், அதனைப் பற்றி அவர்களே யாது கூறுகின்றனர் என்பதைக் களஆய்வில் பதிவு செய்தல் வேண்டும்.

ஷைகின் உரைகளைத் தொகுத்த அமீர் ஹஸன் சிஜ்ஸி, தாம் கேட்டதை நாள் குறித்து எழுதினார். இன்றைய ஆய்வாளருக்கும் அதுவே கடன். தாழ்வாரத்தில் அமர்ந்து பலகணியில் நூல் கட்டும் பெண்ணிடம் அவள் வேண்டுதல் யாது என்று வினவுவோர் உளர். உள்ளே செல்ல விருப்பமா என்று அவளை வினவி, அவள் விடையையும் நாள் குறித்து எழுதிவைப்பதிலிருந்து அக்கடன் தொடங்கட்டும்.